லீவு நாளில் கற்பிட்டிக்கு: கைக்காசுக்குள் ஒரு நாள்

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. லயத்து வாசலில் விடிந்ததிலிருந்து ஒரே சத்தம். "அடுத்த வீட்டுல எல்லாரும் எங்கயோ போறாங்களாம், நாம எங்கம்மா போறோம்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பதில் சொல்ல வழியில்லாமல் அடுப்படிக்குள் போய்விடுகிற தாய்மார் நம்மில் எத்தனையோ பேர். வேலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர் போச்சு. அதற்கு மேல் பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, பலூன் காசு. கணக்குப் பார்த்தாலே தலை சுற்றும்.

புத்தளம், சிலாபம் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் இருக்கும் நமக்குக் கற்பிட்டி அதிக தூரமில்லை. ஒரே நாளில் போய்த் திரும்பலாம். கடன் வாங்காமல், பிள்ளைகளுக்கு ஆபத்து வராமல் எப்படிப் போய் வருவது என்று பார்ப்போம். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து ஒரே நாளில் வந்து போவது சிறு பிள்ளைகளுக்குத் தாங்காது. அவர்கள் உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கி வருவதே நல்லது.

முதலில் காசுக் கணக்கு

நாலைந்து குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து, ஒரே நாளில் ஐந்து இடம் பார்க்கப் போவது நம்மிடையே வழக்கம். வேன் கூலிக்காக எல்லா இடத்துக்கும் ஓட வேண்டும். பாதி வழியில் சின்னவை வாந்தி எடுக்கும், மீதி வழியில் தூங்கிவிடும். வீடு திரும்பினால் கடைக்காரர் கொப்பியில் கடன் ஏறியிருக்கும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஐந்து இடம் வேண்டாம். ஓர் இடத்தை ஆற அமரப் பார்த்தால் போதும். விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை அல்லது போயா தினத்தில் போனால் பேர் போகாது. போவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு டின்னில் சில்லறை போட்டு வையுங்கள். பிள்ளைகள் கையாலேயே போட வையுங்கள். பணம் எப்படிச் சேருகிறது என்று தெரிந்த பிள்ளை, கடை வாசலில் நின்று அடம் பிடிப்பது குறையும். சோற்றைப் பொதியாகக் கட்டிக்கொண்டு போனால் சாப்பாட்டுக் கடைச் செலவும் மிச்சம்.

போகிற வழியே ஒரு பாடம்

சிலாபப் பக்கமிருந்து வருபவர்கள் புத்தளம் டவுன் வரை போகத் தேவையில்லை. பாலாவிச் சந்தியில் இறங்கிக் கற்பிட்டி பஸ் எடுக்கலாம். அங்கிருந்து சுமார் 40 கிலோமீற்றர். பிள்ளையை ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.

பாலாவிப் பக்கம் உப்பளங்கள் இருக்கின்றன. களப்புத் தண்ணீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்க விட்டால் உப்பு மிஞ்சுகிறது. நேற்று ரசத்தில் போட்ட உப்பு இப்படித்தான் வருகிறது என்று காட்டினால் பிள்ளை மறக்காது. நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலக்கரி மின் நிலையம் உண்டு. அதன் முதல் இயந்திரம் 2011இல் மின்சாரம் தரத் தொடங்கியது. மாம்புரிப் பக்கம் பெரிய காற்றாடிகள் சுற்றும். உப்பு, கரி, காற்று மூன்றுக்கும் டிக்கெட் கிடையாது. ரோட்டில் கழுதைகளும் திரியும். முன்பு பொதி சுமந்த இனம் அது. பிள்ளைகளுக்கு அதைப் பார்ப்பதே ஒரு கொண்டாட்டம். ஆனால் பின்னங்கால் பக்கம் போக விடாதீர்கள்.

ஊருக்குள்ளே பார்க்க

கற்பிட்டி ஒரு நீளமான மணல் நாக்கு. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு. டவுன் களப்புப் பக்கம் இருக்கிறது. ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டை அங்கேதான். சுவரில் முருகைக்கல்லைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருகாலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்தது அது. கோட்டைக்குள் கடற்படை முகாம் இருப்பதால் வாசலில் அனுமதி கேட்க வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அன்றைக்கு உள்ளே விடாவிட்டாலும் குறையில்லை. வெளிச்சுவரும் களப்புக் கரையும் பிள்ளைகளுக்குப் போதும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். தமிழ்ப் புலவர்கள் பலரின் வரலாற்றைத் தேடித் தொகுத்து 1859இல் 'தமிழ் புளூட்டாக்' என்ற நூலை ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்தது இந்தக் கற்பிட்டியில்தான்.

வரும் வழியில் தலவில் அன்னம்மாள் கோவில் இருக்கிறது. எல்லாச் சமயத்தாரும் போகிற இடம். மார்ச், ஆகஸ்ட் திருவிழாக் காலத்தில் சனம் நெரியும். அப்போது சிறு பிள்ளைகளோடு போவதென்றால், பெயரையும் பெற்றோரின் போன் நம்பரையும் ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

எந்த லீவு நல்லது?

ஏப்ரலில் கடல் பொதுவாக அமைதி, ஆனால் வெயில் கொளுத்தும். பத்து மணிக்கு முன்னும் நாலு மணிக்குப் பின்னும் மட்டும் மணலில் விடுங்கள். ஆகஸ்டில் தென்மேல் பருவக்காற்று. மேற்குக் கரையில் அலை முரட்டுத்தனமாக அடிக்கும், மணல் கண்ணில் பறக்கும். டிசம்பரில் மழை குறுக்கிடலாம். டொல்பின் கூட்டம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வரும். அதைப் பார்க்கப் படகு பிடிப்பது நம் கைக்கு எட்டாத செலவு, கைக்குழந்தைக்கும் ஏற்றதல்ல. அதை விட்டுவிடுங்கள்.

கடலில் ஒரு கை தூரம்

இதை என் வாழ்க்கையில் பட்டுத்தான் சொல்கிறேன். மூத்தவனுக்கு அப்போது நாலு வயது. ஆகஸ்ட் லீவு. மேற்குக் கரையில் முழங்கால் அளவு தண்ணீரில்தானே நிற்கிறான் என்று பொதியை அவிழ்க்கத் திரும்பினேன். ஓர் அலை வந்து காலை வாரிவிட்டது. அலை திரும்பும்போது காலடி மணலையும் அவனையும் சேர்த்து இழுத்தது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் பாய்ந்து சட்டையைப் பிடித்தார். சத்தமே போடவில்லை என் பிள்ளை. தண்ணீரில் மூழ்கும் பிள்ளை கூப்பிடாது, ஐயா. வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது எப்படிக் கூப்பிடும்?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று சட்டம். சின்னப் பிள்ளைகள் விளையாடுவது களப்புப் பக்கம், அதுவும் கணுக்கால் அளவு தண்ணீரில். தண்ணீரருகில் பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். அவர் சமைக்கவோ போன் பார்க்கவோ கூடாது. குடித்தவர் கையில் பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது. ஐந்து பெரியவர்கள் போனால், "எல்லாரும் பார்த்துக்குவோம்" என்று இருந்துவிடாதீர்கள். எல்லாரும் பார்ப்பது யாரும் பார்க்காததற்குச் சமம். அரை மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள்.

குடிதண்ணீர் வீட்டிலிருந்தே

கற்பிட்டி மணலில் கிணறு தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும். ஆனால் வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களுக்கு உரம் அதிகம் போடுவதால் பல கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இது கெடுதி. கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே பால்மா கரைக்கிற தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு இந்தக் கவலையே இல்லை.

திரும்பும்போது

இரண்டரை மணிக்கெல்லாம் பஸ் ஏறிவிட்டால் பிள்ளைகள் இருட்டுக்கு முன் வீடு சேரலாம். மிச்சக் காசில் விளையாட்டுச் சாமான் வாங்குவதற்குப் பதில், கரையில் காயப்போட்டிருப்பவர்களிடம் விலை பேசி நன்றாகக் காய்ந்த கருவாடு கொஞ்சம் வாங்குங்கள். தோட்டத்துக் கடை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பஸ் காசில் ஒரு பங்கு திரும்பி வரக்கூடும்.

பையில் இருக்க வேண்டியவை: சோற்றுப் பொதி, தண்ணீர், மாற்றுச் சட்டை, துவாய், தொப்பி, ஜீவனி ஒரு பக்கெற், வாந்திக்கு ஒரு பை, குப்பைக்கு ஒரு பை.

போன தடவை இளையவள் ஒரு போத்தல் மூடியில் கற்பிட்டி மணலைக் கொண்டு வந்தாள். இன்னும் சாமிப்பட அலுமாரியில் இருக்கிறது. லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அதைக் காட்டி, "இதுக்குள்ள செத்த கடல் கல்லு இருக்கு தெரியுமா?" என்று கதை சொல்கிறாள். அந்த மணலுக்கு நாங்கள் ஒரு சதமும் கொடுக்கவில்லை.