தென்னந்தோப்புக்கு அடியில் ஒரு பட்டணம்!

2,600 ஆண்டுகளுக்கு முன் வைகைக் கரையில் வாழ்ந்தவர்கள்

மதுரையிலிருந்து இராமேசுவரம் போகும் சாலையில் சுமார் 12 கிலோ மீட்டர் போனால், கீழடி என்ற கிராமம் வரும். இது சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தது. எங்கு பார்த்தாலும் தென்னந்தோப்பு. சற்றுத் தூரத்தில் வைகை ஆறு.

இந்தத் தோப்புக்கு அடியில் ஒரு பட்டணமே புதைந்து கிடந்தது! மேலே தேங்காய் பறித்தவர்களுக்கு அது தெரியாது. மாடு மேய்த்தவர்களுக்கும் தெரியாது.

ஆனாலும், மண் அவ்வப்போது சாடை காட்டிக்கொண்டுதான் இருந்தது. கிணறு தோண்டினால் பானை ஓடு வரும். பழைய செங்கல் வரும். 1970-களில் இவ்வூர்ப் பிள்ளைகள் அப்படிக் கிடைத்த பொருள்களைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனார்கள். அவற்றின் அருமை அங்கிருந்த ஆசிரியருக்குத் தெரிந்தது. தொல்பொருள் இலாகாவுக்குச் செய்தி சொன்னார்.

ஆனால் மண்ணைத் தோண்டிப் பார்க்க இன்னும் 40 ஆண்டுகள் ஆயின.

ஆற்றோடு நடந்தார்கள்

வைகை, வருசநாட்டு மலையில் பிறக்கிறது. தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் வழியாக ஓடுகிறது. மத்திய அரசின் தொல்லியல் துறையினர் 2013-14-ல் இந்த ஆற்றின் இரு கரைகளையும் ஊர் ஊராகச் சோதித்தார்கள். இதற்குத் தலைமை தாங்கியவர் அமர்நாத் இராமகிருஷ்ணன். பழங்காலச் சின்னங்கள் உள்ள 293 இடங்கள் தென்பட்டன.

அவற்றுள் கீழடியைத் தேர்ந்தெடுத்து, 2015-ல் தோண்டத் தொடங்கினார்கள். மேடு சுமார் 110 ஏக்கர் பரப்புள்ளது. நிலத்தின் சொந்தக்காரர்கள் அனுமதி கொடுத்தார்கள். தென்னை மரங்களுக்கு இடையே சதுரம் சதுரமாகக் குழி வெட்டினார்கள்.

முதலில் வந்தது செங்கல் சுவர். பிறகு கால்வாய். பிறகு உறைகிணறு. தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தன! 2017-க்குப் பிறகு, தமிழக அரசின் தொல்லியல் துறை இந்த வேலையை எடுத்து நடத்துகிறது.

வீடு எப்படி?

அந்தக் காலத்துச் செங்கல், இந்தக் காலத்துச் செங்கல்லைவிடப் பெரியது. நீளம் 38 சென்டி மீட்டர், அகலம் 23, கனம் 6. இத்தனை நூற்றாண்டுகள் ஈர மண்ணில் கிடந்தும் அது கரைந்து போகவில்லை.

கூரைக்கு ஓடு போட்டிருக்கிறார்கள். பச்சை ஓடாக இருக்கும்போதே, அதன்மேல் விரலால் வரிவரியாகக் கோடு இழுத்திருக்கிறார்கள். எதற்கு? மழைத்தண்ணீர் தேங்காமல் வழிந்து ஓடுவதற்கு! ஓடு சரியாதபடி கட்டுவதற்குத் துளையும் உண்டு. இரும்பு ஆணிகளும் கிடைத்தன.

குடிதண்ணீருக்கு உறைகிணறு. சுட்ட மண் வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கியிருக்கிறார்கள். மணற்பாங்கான ஆற்றங்கரையில் கிணறு இடிந்து விழாமல் இருக்க இதுவே வழி. பிற்காலத்திலும் நம் கிராமங்களில் உறைகிணறு இறக்கியது உண்டு.

2024-ல் தோண்டியபோது சுடுமண் குழாய்கள் கிடைத்தன. ஒன்றோடு ஒன்று பொருத்தி, தண்ணீர் போக வழி செய்திருந்தார்கள்.

நூல் நூற்றார்கள், தாயம் ஆடினார்கள்

இங்கே பெரிய கோட்டை, அரண்மனை எதுவும் அகப்படவில்லை. கிடைத்தவை எல்லாம், உழைத்துப் பிழைத்த மக்களின் வீட்டுச் சாமான்கள்.

நூல் நூற்கும் தக்களியின் உருண்டைகள் வந்தன. எலும்பால் செய்த கூரான கருவிகள் வந்தன. துணியில் பூவேலை செய்ய இவை உதவியிருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நெசவுக்குப் பேர்போன மதுரைச் சீமையில், அந்தத் தொழில் எவ்வளவு பழமையானது!

எலும்புகளைப் புனேயில் உள்ள டெக்கான் கல்லூரியில் சோதித்தார்கள். பாதிக்கு மேல் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் எலும்புகள். ஆகவே, உழவும் கால்நடையும் அவர்களுக்குச் சோறு போட்டன.

பெண்கள் பாசிமணி அணிந்தார்கள். தங்க நகைத் துண்டுகளும் கிடைத்தன. சூதுபவள மணிக்கு வேண்டிய கல் நம் பக்கத்தில் கிடைப்பதல்ல. மகாராஷ்டிரம், குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும். வைகை கடலை நெருங்கும் இடத்தில் அழகன்குளம் என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. அங்கே ரோமாபுரி நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. ஆற்றின் வழியே வாணிபம் நடந்திருக்கிறது.

வேலை முடிந்தால் விளையாட்டு! தந்தத்தில் தாயக்கட்டை, பாண்டி ஆட்டத்துக்கு வட்டச் சில்லு, குழந்தைகளுக்கு மண் பொம்மை. சில்லுகள் மட்டும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன.

பானையில் ஒரு பெயர்

எல்லாவற்றிலும் பெரிய அதிசயம், உடைந்த பானை ஓடுகள்தான். அவற்றில் எழுத்து இருக்கிறது! தமிழ்நாட்டின் மிகப் பழைய எழுத்து அது. தமிழி என்றும் தமிழ்ப் பிராமி என்றும் சொல்வார்கள். நான்காம் கட்ட ஆராய்ச்சியில் மட்டும் 56 ஓடுகள் கிடைத்தன.

என்ன எழுதியிருந்தார்கள்? அரசனைப் புகழவில்லை. "ஆதன்" என்று ஓர் ஓட்டில். "குவிரன் ஆதன்" என்று இன்னோர் ஓட்டில். வெறும் பெயர்கள்!

இன்று நாம் பாத்திரக் கடையில் குடத்தில் பெயர் வெட்டி வாங்குகிறோம் அல்லவா? அதைப் போலத்தான். ஆனால் ஒரு வித்தியாசம். சுட்ட பானையின் தோளில் ஆணி போன்ற கூர்மையான கருவியால் கீறியிருக்கிறார்கள். கையெழுத்து ஓட்டுக்கு ஓடு மாறுகிறது. அப்படியானால் குயவர் மட்டும் எழுதவில்லை. பானைக்கு உரியவர்களே எழுதியிருக்கிறார்கள். அரண்மனைப் புலவருக்கு மட்டுமல்ல, சாதாரண வீட்டுக்காரருக்கும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்கிறது!

கரித்துண்டு சொன்ன வயது

இது எந்தக் காலம்? அதைச் சொன்னது ஒரு கரித்துண்டு.

மரம் உயிரோடு இருக்கும்போது காற்றிலிருந்து ஒருவகைக் கரி அணுவை வாங்கிக்கொள்ளும். மரம் செத்தபின் அந்த அணு குறைந்துகொண்டே வரும். 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால், வயது தெரியும்.

கீழடிக் கரியை அமெரிக்காவில் புளோரிடாவில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 353 சென்டி மீட்டர் ஆழத்தில் எடுத்த கரியின் காலம் கி.மு. 580 என்று முடிவு வந்தது. 2019 செப்டம்பரில் தமிழக அரசு இதை வெளியிட்டது. சங்ககாலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கியது என்பது பலருடைய எண்ணம். அது 300 ஆண்டுகள் பின்னால் போயிற்று!

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு கரித்துண்டை வைத்து எழுத்தின் வயதைச் சொல்லலாமா? இன்னும் சான்று வேண்டாமா?" என்று கேட்கும் அறிஞர்களும் உண்டு.

அமர்நாத் இராமகிருஷ்ணன் முதல் இரு கட்டங்களைப் பற்றி 982 பக்க அறிக்கை எழுதி, 2023-ல் கொடுத்தார். அதைத் திருத்தித் தரும்படி மத்தியத் தொல்லியல் துறை 2025-ல் கேட்டது. சான்றுகள் சரியாகவே இருக்கின்றன என்று அவர் மறுத்துவிட்டார். இந்த வழக்கைத் தீர்க்க வல்லது ஒன்றே ஒன்று. அது இன்னும் தோண்டாத மண்தான்!

இறந்தவர்களின் ஊர்

கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை. அங்கே வரிசை வரிசையாக முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. இறந்தவர்களை அடக்கம் செய்த பெரிய பானைகள் இவை. இங்கே கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து, அந்த மனிதர்களின் முகங்களை இங்கிலாந்தில் லிவர்பூல் நகரப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். 2025-ல் அந்தப் படங்கள் வெளியாயின.

கிடைத்த பொருள்களைப் பார்க்க, 2023 மார்ச்சில் பெரிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீட்டைப் போல் கட்டிய கட்டடம் அது. குடும்பம் குடும்பமாக வந்து பார்க்கிறார்கள்.

அங்கே உடைந்த ஓடுகள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. பக்கத்தில் இன்றைய தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு சிறுவன், அங்கே நின்று "ஆ-தன்" என்று படிக்கலாம்.

2,600 ஆண்டுகளுக்கு முன் ஒருவர், தம் பானை பிறர் பானையோடு மாறிவிடக் கூடாது என்று எழுதிய பெயர் அது. பானை உடைந்தது. வீடு புதைந்தது. பெயர் மட்டும் அழியவில்லை!