ஆரணித் தறியின் தலைமேல் ஒரு பிரெஞ்சுக்காரர்

குழித்தறியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் நெசவாளர் மிதியை அழுத்துகிறார். தலைக்கு மேலே உள்ள பெட்டியில் 'டக்' என்று ஒரு சத்தம். பாவில் சில இழைகள் மட்டும் எழும்ப, அந்தச் சந்தில் நாடா ஓடி ஊடையைப் போட்டுவிட்டு வருகிறது. அடுத்த மிதிக்கு வேறு இழைகள் எழும்புகின்றன. வரிவரியாக முந்தானையில் மயில் வளர்கிறது. எந்த மிதிக்கு எந்த இழை என்பதை நெசவாளர் மனப்பாடம் செய்வதில்லை. அந்தக் கணக்கெல்லாம் பெட்டியில் மாலைபோல் தொங்கும் அட்டைகளில் இருக்கிறது.

ஆரணியிலும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம் பக்கத்துத் தறிக்கூடங்களிலும் நன்கு பழகிய ஜக்கார்டு பெட்டி இதுதான். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழைகிறது. அதோடு சேர்ந்த கொக்கி தன் இடத்திலேயே நின்று இழையைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ள, கொக்கி விலகிவிடும். இழை கீழேயே கிடக்கும். டிசைனை மாற்ற அட்டைக் கோவையை மாற்றினால் போதும்.

பிரான்ஸின் பட்டு நகரம் லியோன். அங்கே நெசவாளர் வீட்டில் 1752-இல் பிறந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் இந்தப் பொறியை உருவாக்கினார். அதற்கு முன்பு பூவேலைப் பட்டு நெய்ய, கயிறுகளை இழுத்துக் கொடுக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். நம் ஊரில் டிசைனை நூல்கட்டுகளாக 'அடை' கட்டி நெய்த காலத்திலும் கூட ஒரு கை தேவைப்பட்டது. அந்த ஆளின் வேலையைத்தான் அட்டை எடுத்துக்கொண்டது.

முழுப் பெருமையும் ஜக்கார்டுக்கே என்று சொல்லிவிட முடியாது. துளையிட்ட காகிதத்தை 1725-இலேயே பூஷோன் பயன்படுத்தினார். ஃபால்கோன் அதைக் கோத்த அட்டைகளாக்கினார். வோகான்சோன் தானே இயங்கும் தறியைச் செய்து பார்த்தார். மூவரும் தொட்டதைத் தினசரி உழைப்புக்குத் தாங்கும்படி முடித்தவர் ஜக்கார்டு. பிழைப்பு போய்விடும் என்று லியோன் நெசவாளர்கள் கொதித்தார்கள். ஆனாலும் 1812-க்குள் பிரான்ஸில் சுமார் 11,000 தறிகளில் இந்தப் பெட்டி ஏறிவிட்டது.

தறிக்கு வந்த இன்னொரு மாற்றமான, கயிற்றைச் சுண்டினால் ஓடும் நாடாவை 1733-இல் கண்டுபிடித்த இங்கிலாந்தின் ஜான் கே-க்கு அந்த அளவு அதிர்ஷ்டமில்லை. காப்புரிமைப் பணத்துக்காக வழக்காடியே சொத்தை இழந்து, பிரான்ஸுக்குப் போய் வறுமையில் இறந்தார். சென்னை மாகாணத்தில் அந்த நாடாவைப் பரப்ப 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அதிகாரி ஆல்ஃபிரட் சாட்டர்டன் சேலத்தில் ஒரு நெசவுச்சாலையையே நடத்தினார்.

அட்டையின் கதை தறியோடு நிற்கவில்லை. சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று கணித அறிஞர் சார்லஸ் பாபேஜிடம் இருந்தது. பார்ப்பவர்கள் அச்சுப்படம் என்றே நினைப்பார்களாம். தான் திட்டமிட்ட கணிப்பொறிக்கும் அதே அட்டைகள்தான் கட்டளை தர வேண்டும் என்று பாபேஜ் வரைந்து வைத்தார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளால் எண்ணி முடித்தார். அவருடைய நிறுவனம் வேறு சிலவற்றோடு இணைந்து பின்னாளில் ஐபிஎம் ஆனது.

தறிக்காரர் வீட்டுக் கண்டுபிடிப்பாளர்கள் பழைய காலத்தோடு முடிந்துவிடவில்லை. தெலங்கானாவின் சிந்தகிந்தி மல்லேசம் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். போச்சம்பள்ளிப் புடவை ஒன்றுக்கு 'ஆசு' எனப்படும் நூல் சுற்றும் வேலையில், அவருடைய அம்மா லட்சுமி சுமார் 9,000 முறை கையை முன்னும் பின்னும் வீச வேண்டியிருந்தது. அம்மாவின் தோள்வலியைப் பார்த்துப் பல ஆண்டுகள் போராடி, 1999-இல் 'லட்சுமி ஆசு' இயந்திரத்தைச் செய்து முடித்தார். 2017-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பட்டுத் தறிகளில் இப்போது எலக்ட்ரானிக் ஜக்கார்டும் வந்துவிட்டது. கணினியில் வரைந்த டிசைன் நேரே பெட்டிக்குப் போகிறது. அட்டை அடிக்கும் செலவும் கோக்கும் வேலையும் மிச்சம். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். பழைய பெட்டிக்கு நெசவாளரின் கால் போதும்.