டிஎன்ஏவின் நான்கிழை முடிச்சு: புற்றுநோய் மருந்து ஆய்வில் உலோக மூலக்கூறுகள் தேடுவது என்ன?

புற்றுநோய் சிகிச்சையில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் சிஸ்பிளாட்டின், பிளாட்டினம் உலோகத்தை மையமாகக் கொண்ட மருந்து. அமெரிக்க விஞ்ஞானி பார்னெட் ரோசன்பெர்க்கின் குழு 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வே அதற்கு வித்திட்டது. 1978-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, விதைப்பை மற்றும் சினைப்பைப் புற்றுநோயாளிகள் பலரின் உயிரைக் காத்துள்ளது. ஆனால், அது டிஎன்ஏவின் இரட்டைச் சுருளில் உள்ள குவானின் என்ற மூலத்தோடு பிணைந்து செயல்படுகிறது. குவானின் எல்லா செல்களிலும் உண்டு. எனவே நலமான செல்களும் தப்புவதில்லை. சிறுநீரகம், செவித்திறன், நரம்புகள் பாதிக்கப்படும் அபாயமும் உள்ளது.

இதற்கு மாற்றாக, டிஎன்ஏவில் சில இடங்களில் மட்டும் உருவாகும் ஒரு வடிவத்தை அடையாளம் கண்டு பற்றும் உலோக மூலக்கூறுகளை வடிவமைக்க வேதியியலாளர்கள் முயன்று வருகின்றனர்.

நான்கிழை அமைப்பு என்றால் என்ன?

குவானின் மிகுந்த டிஎன்ஏ பகுதிகள் இரட்டைச் சுருளிலிருந்து விலகி மடங்கக்கூடும். அப்போது நான்கு குவானின்கள் ஒரு தட்டையான சதுரமாக இணைகின்றன. இத்தகைய சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட, நடுவில் பொட்டாசியம் அயனிகள் அவற்றைத் தாங்கி நிற்கின்றன. இதுவே ஜி-குவாட்ருப்ளெக்ஸ் எனப்படும் நான்கிழை அமைப்பு.

குரோமோசோம்களின் முனைகளான டெலோமியர்களிலும் இது உருவாகக்கூடும். அம்முனைகளை நீட்டிக்கும் டெலோமரேஸ் என்ற நொதியின் துணையால்தான் 85 முதல் 90 விழுக்காடு புற்றுநோய்களில் செல்கள் ஓயாமல் பெருகுகின்றன. முனை நான்கிழையாக மடங்கி நிலைத்துவிட்டால், அந்த நொதியால் எளிதில் வேலை செய்ய இயலாது.

சென்னையில் பிறந்த விஞ்ஞானியின் பங்கு

இவ்வமைப்பு சோதனைக் குழாயில் மட்டுமே தோன்றுவதா என்ற ஐயம் நீண்ட நாள் நிலவியது. 1966-இல் சென்னையில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பிரிட்டன் சென்ற சங்கர் பாலசுப்ரமணியனின் கேம்பிரிட்ஜ் குழு, 2013-இல் மனித செல்களுக்குள்ளேயே இதைக் காட்சிப்படுத்தியது. செல் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கும் கட்டத்தில் இவை அதிகரிப்பதும் தெரியவந்தது. 2016-இல் அவரது குழு, அழிவின்றிப் பெருகும் தோல் செல்களில் சுமார் 10,000 நான்கிழைகளைக் கண்டது. இயல்பான தோல் செல்களிலோ ஏறத்தாழ 1,500 மட்டுமே இருந்தன. இந்த வேறுபாடே மருந்து ஆய்வாளர்களின் நம்பிக்கைக்கு அடிப்படை.

உலோகம் எதற்கு?

புதிய மூலக்கூறுகளில் உலோகத்தின் பணி வேறு. சிஸ்பிளாட்டினில் உலோகமே டிஎன்ஏவோடு பிணைகிறது. இங்கோ, சுற்றியுள்ள கரிம வளையங்களைத் தட்டையாக இழுத்துப் பிடிக்கும் அச்சாக அது நிற்கிறது. இரட்டைச் சுருளின் படிகளைவிட நான்கிழையின் சதுரப் பரப்பு பெரியது. எனவே அகன்ற, தட்டையான மூலக்கூறு அதன்மேல் மூடிபோல் பொருந்துகிறது.

லண்டனில் ரமோன் விலார், ஸ்டீபன் நீடில் ஆகியோரின் குழுக்கள் 2006-இல் நிக்கல் சேர்மங்கள் நான்கிழையை நிலைப்படுத்துவதையும் டெலோமரேஸின் செயல்பாட்டைக் குறைப்பதையும் காட்டின. 2012-இல் அவர்கள் வெளியிட்ட படிக ஆய்வில், பொட்டாசியம் வரிசைக்கு ஏறத்தாழ நேர்மேலே உலோகம் அமர்ந்திருப்பது தெரிந்தது. தட்டைத்தன்மையிலிருந்து விலகக்கூடிய தாமிரச் சேர்மத்தைவிட நிக்கல் சேர்மமே நன்கு பற்றியது. ஓர் உலோகத்தை மாற்றினாலே மூலக்கூறின் திறன் மாறுகிறது என்பதற்கு இது சான்று.

எஞ்சியுள்ள சவால்

மனித மரபணுத் தொகுப்பில் நான்கிழை உருவாகக்கூடிய இடங்கள் 7 லட்சத்துக்கும் அதிகம் என 2015-ஆம் ஆண்டு ஆய்வு கண்டறிந்தது. இரட்டைச் சுருளைத் தவிர்ப்பது முதல் படி மட்டுமே. ஒரு நான்கிழையை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது அதனினும் கடினம். நலமான செல்களிலும் அவை இருப்பதால், குறி தவறினால் பக்கவிளைவுச் சிக்கல் வேறு வடிவில் திரும்பும்.

நான்கிழையை நிலைப்படுத்தும் சிஎக்ஸ்-5461 என்ற உலோகமற்ற மூலக்கூறு கனடாவில் நோயாளிகளிடம் முதற்கட்டமாகச் சோதிக்கப்பட்டு, அதன் முடிவுகள் 2022-இல் வெளியாயின. உலோக மூலக்கூறுகளோ இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்திலேயே உள்ளன. எனவே இன்றைய நோயாளிகளுக்குச் சிஸ்பிளாட்டின் உள்ளிட்ட நடைமுறைச் சிகிச்சைகளே துணை. மருத்துவர் பரிந்துரைத்த சிகிச்சையை இத்தகைய செய்திகளை நம்பி ஒத்திப்போடக் கூடாது.