செவிக்கும் கண்ணுக்கும் ஒரு பயிற்சி

வள்ளுவர் பொருட்பாலிலே கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை வகுத்தபின், அவற்றையடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். ஏட்டைப் பார்த்துக் கற்பது ஒன்று, பிறர் சொல்லக் கேட்டு அறிவது மற்றொன்று என்பதனை இவ்வைப்புமுறை நமக்கு உணர்த்துகின்றது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணையாவன. ஆயினும் ஒன்றைப் பயின்றவருக்கு மற்றொன்று தானாக வந்துவிடுவதில்லை.

நம் நாட்டுத் தமிழ் மாணவர் ஆங்கிலம் கற்கும் வகையை நோக்கினால் இவ்வுண்மை தெளிவாகும். பாடநூலை வாசித்தும், இலக்கணப் பயிற்சிகளை எழுதியும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்ற ஒருவர், அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் இயல்பாகப் பேசும்பொழுது பாதியும் விளங்காது திகைக்கின்றார். அவருக்குச் சொற்கள் தெரியாமலில்லை. அதே பேச்சை எழுதிக் கொடுத்தால் எளிதில் வாசித்துவிடுவார். அச்சொற்கள் அவருடைய கண்ணுக்குப் பழக்கமானவை, செவிக்கோ புதியவை.

நேயர்களே, இதனை இன்று பேச எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிற் சேர விரும்பும் மாணவரும், அந்நாடுகளில் மருத்துவராகவோ தாதியராகவோ பதிவுபெற விரும்புவோரும் தம் ஆங்கிலத் தேர்ச்சியை நிறுவுதற்பொருட்டு எழுதும் பரீட்சைகள் சில உள. அவற்றுள் நம் நாட்டிற் பெரிதும் அறியப்பட்டது ஐ.ஈ.எல்.ரி.எஸ். எனப்படுவது. பிரிட்டிஷ் கவுன்சில், அவுஸ்திரேலியாவிலிருந்து இயங்கும் ஐ.டி.பி. நிறுவனம், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பரீட்சைப் பிரிவு ஆகிய மூன்றுக்கும் உரித்தான இப்பரீட்சை 1989ஆம் ஆண்டு தொடக்கம் நடைபெற்று வருகின்றது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என அது நான்கு கூறுகளை உடையது. ஒவ்வொரு கூறுக்கும் 9 வரையிலான படிநிலை அளிக்கப்படும்; அரைப் படிகளும் உண்டு.

இப்பரீட்சைக் கட்டணம் சாதாரண குடும்பத்துக்குச் சிறு தொகையன்று. தாயின் நகையை அடகுவைத்துப் பணம் கட்டும் பிள்ளைகள் உளர். கேட்கப்பட்ட தகுதிக்கு அரைப் படி குறைந்தமையால் கிடைத்த அனுமதியை இழந்தவர்களும் உளர். ஆகையால் இதற்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்வது என்பது வீண் ஆராய்ச்சியன்று.

பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழி யாதெனில், மாதிரி வினாத்தாள்களைத் திரட்டி ஒன்றன்பின் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பெற்ற புள்ளியைக் குறித்து வைப்பதாகும். இருபது தாள்கள் எழுதியபின்னும் புள்ளி முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்கும். வெப்பமானியை அடிக்கடி வைத்துப் பார்ப்பதனாற் காய்ச்சல் இறங்குவதில்லை. வினாத்தாள் நம் நிலையை அளந்து காட்டும். பிழையின் காரணத்தைக் கண்டு நீக்கும் வேலை அதன் பின்னரே தொடங்குகின்றது.

முதலில் கேட்டற் பகுதியை நோக்குவோம். ஏறத்தாழ 30 நிமிட ஒலிப்பதிவு, 40 வினாக்கள், நான்கு பகுதிகள். முதலாவது, அன்றாட அலுவல் பற்றி இருவர் உரையாடுவது. இரண்டாவது, பொதுவிடயம் ஒன்றைப்பற்றி ஒருவர் விளக்குவது. மூன்றாவது, கல்வி தொடர்பாகச் சிலர் கலந்து பேசுவது. நான்காவது, ஒரு விரிவுரை. எல்லாவற்றையும் ஒருமுறை மாத்திரமே கேட்கலாம். காகிதத்தில் எழுதும் முறையில் விடைகளைப் பெயர்த்தெழுத 10 நிமிடம் வழங்கப்பட்டு வந்தது; கணினி முறையிலோ விடைகளைச் சரிபார்க்க 2 நிமிடமே உண்டு. நாற்பதில் ஏறத்தாழ 23 விடைகள் சரியாயின் 6ஆம் படியும், 30 சரியாயின் 7ஆம் படியும் கிட்டும். ஒரு முழுப்படிக்கு ஏழு விடைகளே வேற்றுமை. அந்த ஏழும் எங்கே தவறுகின்றன என்பதே நாம் காணவேண்டியது.

தமிழராகிய நம் செவிக்கு ஆங்கிலத்தில் மூன்று இடங்களில் இடர்ப்பாடு நேரும். முதலாவது வல்லெழுத்துப் பற்றியது. ‘பட்டு’ என்னும் சொல்லிலுள்ள பகரமும் ‘கம்பு’ என்னும் சொல்லிலுள்ள பகரமும் ஒலியால் வேறுபடினும், நமக்கு எழுத்து ஒன்றே; இடம் நோக்கி ஒலி தானே மாறிக்கொள்ளும். ஆங்கிலத்திலோ அவை இரண்டும் வெவ்வேறு எழுத்துக்கள், பொருளையே மாற்றுவன. கடற்கரையைக் குறிக்கும் சொல்லையும் ஒருவகைப் பழத்தைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பீச்’ என்றே வரும். பழத்தைக் குறிப்பது சொன்முதலில் மூச்சுக் காற்றுடன் வெடித்து ஒலிக்கும். கடற்கரையைக் குறிப்பதில் அக்காற்று இராது. இவ்வேறுபாட்டைச் செவி பழகிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது அழுத்தம் பற்றியது. தமிழில் ஒவ்வோர் எழுத்தும் ஏறத்தாழத் தன் மாத்திரையைப் பெற்று ஒலிக்கின்றது. ஆங்கிலத்தில் அழுத்தம் பெற்ற அசை ஓங்க, மற்றவை தேய்ந்துபோகும். நம் இலக்கணத்தில் ஐகாரக் குறுக்கம் சிற்சில இடங்களில் வருகின்றது. ஆங்கிலத்திலோ அழுத்தமில்லா உயிர்களிற் பெரும்பாலானவை குறுகிவிடும். பிரித்தானியர் பேச்சில் ‘இயலும்’ எனப் பொருள்படும் துணைவினை ‘கன்’ எனத் தேய்ந்து மறையும். ‘இயலாது’ எனப் பொருள்படுவது ‘காண்ட்’ என நீண்டு ஒலிக்கும். இறுதி மெய்யைத் தேடிக்கொண்டிருப்பவர் பொருளைத் தவறவிடுவார். உயிரின் நீட்சியைக் கவனிப்பவர் பிடித்துக்கொள்வார். அவ்வாறே பதின்மூன்றைக் குறிக்கும் ‘தேர்ட்டீன்’ என்பதில் அழுத்தம் பெரும்பாலும் ஈற்றிலும், முப்பதைக் குறிக்கும் ‘தேர்ட்டி’ என்பதில் முதலிலும் விழும். விலையும் திகதியும் வினவப்படும் முதலாம் பகுதியிலே இது மிக வேண்டப்படுவது.

மூன்றாவது புணர்ச்சி. நன்னூல் கற்றவருக்கு இது புதிதன்று. ‘மரம்’ என்பதும் ‘வேர்’ என்பதும் ‘மரவேர்’ எனப் புணர்வதை எழுத்திலேயே காட்டுகின்றோம். ஆங்கிலத்திலும் சொற்கள் பேச்சிற் புணர்கின்றன. ஒரு சொல்லின் ஈற்று மெய் அடுத்த சொல்லின் முதலுயிரோடு கூடி ஒலிக்கின்றது. ஆனால் எழுத்தில் அது காட்டப்படுவதில்லை. ஆகவே கண்ணாற் கற்றவர் சொற்களைத் தனித்தனியே எதிர்பார்த்திருக்க, செவியில் விழுவதோ ஒரு தொடர்.

இவற்றுக்குப் பயிற்சி யாது? ஒலிப்பதிவு ஒன்றைப் பரீட்சையிற் போல ஒரே முறை கேட்டு விடை எழுதுக. பின்னர் நிறுத்தி நிறுத்தி மறுபடி கேட்க. மூன்றாம் முறை, எழுத்து வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க. ஒரு கொப்பியில் நான்கு நிரல்கள் வரைந்து, ஒவ்வொரு பிழைக்கும் காரணத்தைப் பதிக. சொல்லே தெரியாதது ஒன்று. சொல் தெரிந்தும் ஒலியை அடையாளங் காணாதது இரண்டு. கேட்டும் கருத்துத் தவறியது மூன்று. விடை தெரிந்தும் எழுத்துக்கூட்டிற் பிழைத்தது நான்கு. இரண்டு வாரம் இவ்வாறு செய்தால் ஏதோ ஒரு நிரல் நீண்டு நிற்கும். அதுவே நோயின் இருப்பிடம். இரண்டாம் நிரல் நீண்டிருக்கும் ஒருவர் அகராதியை மனனஞ் செய்வதனாற் பயனில்லை. நான்காம் நிரல் நீண்டிருப்பவர் மேலும் மேலும் கேட்பதனாலும் பயனில்லை. எழுத்துப் பிழையான விடைக்குப் புள்ளி கிடையாது.

மூன்றாம் நிரலைப்பற்றி ஒரு சொல். இப்பரீட்சையில் பேசுவோர் முதலில் ஒன்றைச் சொல்லி உடனே திருத்திக்கொள்வது வழக்கம். “செவ்வாய்க்கிழமை வருகின்றேன், இல்லை, அன்று வகுப்பு இருக்கின்றது, வியாழன் வருகின்றேன்” என்பது போன்ற பேச்சு வரும். முதற் சொல்லைக் கேட்டவுடன் எழுதிவிட்டுச் செவியை மூடிக்கொள்பவர் ஏமாறுவர். விடைகள் வினாக்களின் ஒழுங்கிலேயே வருமாதலால், ஒன்று தவறினால் அதற்காக வருந்தி நில்லாது அடுத்ததற்குச் செல்லுதலும் பழகவேண்டிய ஒன்றே.

இவற்றோடு, நம் பாடசாலைகளில் நெடுங்காலம் பயின்றுவந்த சொல்வதெழுதுதலை மீண்டும் கைக்கொள்ளலாம். நாள்தோறும் ஒரு நிமிட ஆங்கிலப் பேச்சைக் கேட்டு, ஒரு சொல்லும் விடாது எழுதிப் பார்க்க. ஒரு நிமிடமே போதும். அதனைச் செவ்வையாக எழுத அரைமணி செல்லும். மற்றொரு வழி, வானொலியில் தமிழ்ச் செய்தியை முதலிற் கேட்டு, பின்னர் அதே நாளின் ஆங்கிலச் செய்தியைக் கேட்பது. பொருள் முன்னரே தெரிந்திருப்பதனால், செவி ஒலியிற் கருத்தூன்ற இடமுண்டாகும். ஆங்கிலம் பேசும் சூழல் வாய்க்காத கிராமத்துப் பிள்ளைக்கும் இது செலவின்றிக் கைகூடும். பரீட்சையில் பிரித்தானியர், அவுஸ்திரேலியர், வட அமெரிக்கர் முதலிய பலவகையினர் குரலும் வருமாதலால், ஒரே வகை உச்சரிப்பைக் கேட்டு அமைதல் கூடாது.

இனி வாசித்தற் பகுதி. பல்கலைக்கழகம் புகுவோருக்கான தாளில் மூன்று கட்டுரைகள், 40 வினாக்கள், 60 நிமிடம். மூன்று கட்டுரைகளிலும் கூடி ஏறத்தாழ 2,150 முதல் 2,750 வரையிலான சொற்கள் இருக்கும். நேரம் போதவில்லை என்பதே எல்லோரும் சொல்லும் குறை. கணக்குப் பார்ப்போம். நிமிடத்துக்கு 150 சொற்கள் வீதம், நிதானமாக வாசித்தாலும் 2,750 சொற்களை 19 நிமிடத்துக்குள் வாசித்துவிடலாம். மீதி 40 நிமிடத்துக்கு மேல் வினாக்களுக்கு உண்டு. ஆகவே குறை வாசிக்கும் வேகத்திலன்று. வாசித்ததை மறந்து, ஒவ்வொரு வினாவுக்கும் கட்டுரையைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் துழாவுவதிலேயே நேரம் கரைகின்றது.

இதற்கு மருந்து, பந்திக்கு ஒரு குறிப்பு எழுதுதல். ஒவ்வொரு பந்தியையும் வாசித்து முடித்தவுடன், அது என்ன செய்கின்றது என்பதை நாலைந்து தமிழ்ச் சொற்களில் ஓரத்திற் குறித்துப் பழகுக. ‘பழைய கொள்கை’, ‘அதற்கு மறுப்பு’, ‘புதிய சான்று’ என்றாற் போல அமைந்தாற் போதும். தாய்மொழியிற் குறிப்பெழுதுதல் இழிவன்று. பொருள் விளங்கிற்றா என்பதற்கு அதைவிடச் சிறந்த உரைகல் இல்லை. சில வாரப் பழக்கத்தின்பின் எழுதாமலேயே மனம் அக்குறிப்பை இட்டுக்கொள்ளும். எந்த வினாவுக்கு எந்தப் பந்தி என்பது உடனே தோன்றும்.

வினாவிலுள்ள சொல் கட்டுரையில் அப்படியே இராது. அதே பொருள் வேறு சொல்லில் இருக்கும். இங்கே நம் முன்னோரின் கல்விமுறை ஒன்று கைகொடுக்கும். திண்ணைப் பள்ளிகளில் மாணவர் நிகண்டை மனனஞ் செய்தனர். ஆறுமுக நாவலர் பதிப்பித்த நூல்களுள் சூடாமணி நிகண்டும் ஒன்று. ஒருபொருட் பன்மொழியைத் தொகுத்துக் கற்பதே அதன் நோக்கம். ஆங்கிலத்துக்கும் தமக்கென ஒரு நிகண்டை மாணவர் தாமே தொகுக்கலாம். வினாவில் வந்த சொல்லை இடப்புறத்திலும் கட்டுரையில் வந்த அதன் இணையை வலப்புறத்திலும் எழுதி வருதல் வேண்டும். அச்சிட்ட பட்டியலை வாங்குவதிலும், தாமே கண்டெடுத்த சோடி நினைவில் நிற்கும்.

வாசித்தலில் மாணவரை மிகவும் மயக்குவது மற்றொரு வகை வினா. ஒரு கூற்றைத் தந்து, கட்டுரைப்படி அது சரியா, பிழையா, அன்றிக் கட்டுரையிற் கூறப்படவில்லையா என்று கேட்பது. ஒரு வெளிச்சவீட்டைக் கட்டி முடிக்க மூன்றாண்டு சென்றது எனக் கட்டுரை கூறுவதாகக் கொள்வோம். ‘ஐந்தாண்டு சென்றது’ என்னும் கூற்றுப் பிழை. ஏனெனில் கட்டுரையோடு முரண்படுகின்றது. ‘அதற்குப் பெரும்பணம் செலவாயிற்று’ என்னும் கூற்று எவ்வகை? மூன்றாண்டு வேலைக்குப் பணம் செலவாகாதிருக்குமா என்று நாம் எண்ணுவோம். ஆனால் கட்டுரை செலவைப்பற்றி வாய் திறக்கவில்லை. ஆகவே அது கூறப்படாதது. முரண் வேறு, மௌனம் வேறு. நூலாசிரியர் சொல்லாததை நாமே சொல்லி நிரப்பாதிருத்தல் பரீட்சைக்கு மாத்திரமன்றி நேர்மையான வாசிப்பு யாவற்றுக்கும் உரிய ஒழுக்கமாகும்.

விடையின் அளவையும் நோக்குக. ‘இரண்டு சொல்லுக்கு மேற்படாது எழுதுக’ என்று கட்டளையிருக்க மூன்று சொல் எழுதினால், பொருள் சரியாயினும் விடை பிழையே. கட்டளையை வாசித்தலும் வாசித்தலின் ஒரு பகுதியன்றோ!

மூன்று மாதகால அவகாசம் உள்ள ஒருவர் நாள்தோறும் ஒரு மணி நேரத்தை இவ்வாறு பகுக்கலாம்: சொல்வதெழுதுதலுக்கு அரைமணி, ஒரு கட்டுரையை நேரம் குறித்து வாசித்து விடையெழுத இருபது நிமிடம், பிழைகளை நிரற்படுத்தப் பத்து நிமிடம். முழு வினாத்தாளை வாரத்துக்கு ஒருமுறை எழுதினாற் போதும். அதனை ஆராய்வதற்கு அடுத்த நாள் முழுவதும் தேவைப்படும்.

ஒருமுறை மாத்திரம் கேட்க விடுகின்றார்களே, இது கொடுமையன்றோ என்று மாணவர் சிலர் முறையிடுவதுண்டு. விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் ஒருமுறைதான் சொல்வார். மருத்துவமனைக் கட்டிலிற் கிடக்கும் நோயாளி தன் வேதனையைத் தேய்ந்த குரலில் ஒருமுறை சொல்லும்பொழுது, அருகில் நிற்கும் தாதி அதனைச் சரியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பரீட்சைக்கெனப் பழக்கிய செவியும் கண்ணும் அந்த இடங்களிலும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படுமாயின், அவர்கள் பட்ட சிரமமும் பெற்றோர் கட்டிய பணமும் வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.