கம்ப்யூட்டரைத் தொடாதே! குகேசுக்கு குரு போட்ட தடை

"ரெண்டே மூவ்ல மேட் கொடு பார்க்கலாம்!"

இப்படி ஒரு புதிரைப் போட்டுவிட்டால் போதும், பாடி, அம்பத்தூர், அயனம்பாக்கம் பக்கத்து செஸ் பொடிசுகளுக்குச் சோறு, தண்ணி வேண்டாம். இருக்காதா பின்னே? 2024-ல் உலக சாம்பியன் பட்டம் வென்ற குகேஷ் படித்தது மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் பள்ளியில். 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆன பிரக்ஞானந்தா பாடியில் வளர்ந்தவர்!

ஆனால் புதிரோடு கூடவே ஒரு சபலமும் வருகிறது. அப்பாவின் போனில் காசு இல்லாமல் கிடைக்கும் 'ஸ்டாக்ஃபிஷ்' புரோகிராம் இருக்கிறது. காய்களை அடுக்கி ஒரு தட்டு தட்டினால், கண் இமைப்பதற்குள் விடை! உலக சாம்பியனையே தோற்கடிக்கும் மெஷின் அது. அப்புறம் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

விஷப்பரீட்சை

இந்தக் கேள்விக்குத்தான் குகேஷின் குரு விஷ்ணு பிரசன்னா வேறு பதில் வைத்திருந்தார்.

குகேஷ் 2013-ல், 7 வயதில் பள்ளியிலேயே செஸ் கற்றுக்கொண்டவர். 2017-ல் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னாவிடம் வந்து சேர்ந்தார். குரு ஒரு கண்டிஷன் போட்டார். ரேட்டிங் 2,500-ஐத் தொடும் வரை கம்ப்யூட்டர் பக்கமே தலை வைக்கக் கூடாது!

உலகம் பூராவும் போட்டிப் பையன்கள் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிற காலம். இவர் மட்டும் வெறுங்கையோடு நிற்பதா? தப்பிப்போனால் பையனின் எதிர்காலம் அம்பேல். விஷப்பரீட்சைதான். பெற்றோரும் துணிந்து நின்றார்கள்.

காரணம் இதுதான். 'இந்த மூவ்தான் சரி' என்று மெஷின் சொல்லிவிடும். ஏன் சரி என்று சொல்லாது. விடையை முதலிலேயே பார்த்துவிட்ட பையன், 'அட, இதுதானே!' என்பான். எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். போட்டியில் தனியாக உட்காரும்போதுதான் சாயம் வெளுக்கும். அங்கே போனும் கிடையாது, அப்பாவும் கிடையாது!

2019 ஜனவரியில் குகேஷ் கிராண்ட்மாஸ்டர். வயது 12!

"இனிமேல் அனுப்பாதே!"

கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் ஆனந்த் என்ன செய்தார்? அப்பா வேலை விஷயமாகக் குடும்பம் பிலிப்பைன்ஸ் நாட்டில் இருந்தது. அங்கே டெலிவிஷனில் மத்தியானம் செஸ் புதிர் போடுவார்கள். சிறுவன் ஆனந்த் அந்நேரம் ஸ்கூலில். அம்மா சுசீலா புதிரை எழுதி வைப்பார். சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். வாராவாரம் ஜெயித்தால் யார்தான் தாங்குவார்கள்? "வேணும்கிற புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கோ, இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே" என்று கையெடுத்துக் கும்பிட்டார்களாம்!

மெஷினும் லேசுப்பட்டதல்ல

அதற்காகக் கம்ப்யூட்டரைக் கரித்துக்கொட்ட வேண்டாம். 1997-ல் காஸ்பரோவையே மண்ணைக் கவ்வ வைத்தது ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் ப்ளூ'. தட்டில் ராஜாக்களையும் சேர்த்து 7 காய்கள் மட்டும் இருந்தால், யாருக்கு வெற்றி என்பதைப் பிசகில்லாமல் சொல்லும் அட்டவணையை 2012-ல் மாஸ்கோவில் போட்டுவிட்டார்கள். அதில் 500 மூவுக்கு மேல் ஆடினால்தான் மேட் என்கிற நிலைகள்கூட உண்டு. எந்த மனுஷன் கண்டுபிடிப்பான்? பெரிய பெரிய மேதைகள் செய்த பழைய புதிர்களிலும் 'இன்னொரு விடை இருக்கிறதே' என்று ஓட்டையைக் காட்டிவிடும். நீங்கள் கண்ட விடை சரியா என்று பார்க்க அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. கண்ட பிறகு!

சிங்கப்பூரில்...

2024 டிசம்பர் 12. சீனாவின் டிங் லிரெனும் குகேசும் தலா 6½ புள்ளி. கடைசி ஆட்டம். டிராதான் என்று எல்லோரும் நினைத்த நேரம், 55-வது மூவில் டிங் யானையை நகர்த்தினார். வெளியே கம்ப்யூட்டர் திரைகள் அலறின: தப்பு! தப்பு!

குகேசுக்கு அந்தத் திரை தெரியாது. அவருக்கும் முதலில் பிடிபடவில்லை. வேறு மூவ் ஆடப் போனதாக அவரே பிறகு சொன்னார். சட்டென்று கண்ணில் பட்டது. யானைக்கு யானை, பிஷப்புக்கு பிஷப் வெட்டு. மிஞ்சிய சிப்பாய்களோடு வெற்றி! 58-வது மூவோடு டிங் கை கொடுத்தார். 18 வயது சாம்பியன்!

உங்களுக்கு ஒன்று

வில்லிவாக்கத்தில் ரெயில் ஏறினால் ஆவடி வருவதற்குள் போட்டுப் பாருங்கள். 19-ம் நூற்றாண்டு அமெரிக்க மேதை பால் மார்ஃபியின் பெயரில் வழங்கும் புதிர் இது.

வெள்ளை: ராஜா சி-8, யானை ஏ-1, சிப்பாய் பி-6. கறுப்பு: ராஜா ஏ-8, பிஷப் பி-8, சிப்பாய்கள் ஏ-7, பி-7. வெள்ளை ஆடி, ரெண்டே மூவில் மேட்!

போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

விடை: யானையை ஏ-6-ல் கொண்டுபோய் பலி கொடுக்க வேண்டும்! கறுப்பு சிப்பாய் அதை வெட்டினால், வெள்ளைச் சிப்பாய் பி-7-க்கு நகர்ந்து மேட். வெட்டாமல் பிஷப்பை எங்கே நகர்த்தினாலும், யானை ஏ-7 சிப்பாயை வெட்டி மேட்.