உஷார்! சத்தமில்லாமல் தரவைத் தின்னும் டேட்டாபேஸ்

புதிதாக இணையதளமோ செயலியோ கட்டப் போகிறீர்களா? எது வேகம், எது இலவசம், எதைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு என்று பார்த்து டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். தவறு நடந்தால் அது கத்துமா, வாயை மூடிக்கொள்ளுமா? முதலில் இதைக் கேளுங்கள். வாயை மூடிக்கொள்வதுதான் ஆபத்து.

மைஎஸ்கியூஎல்லை எடுத்துக்கொள்வோம். மலிவான ஹோஸ்டிங்கில் கூடவே கிடைப்பதால் பலரும் தொடங்குவது இதில்தான். அதில் 'யுடிஎஃப்8' என்று ஓர் எழுத்துத் தொகுப்பு உண்டு. பெயரைப் பார்த்து நம்பாதீர்கள். உண்மையான யுடிஎஃப்-8இல் ஓர் எழுத்துக் குறியீடு 4 பைட் வரை போகும். மைஎஸ்கியூஎல்லின் 'யுடிஎஃப்8' 3 பைட்டோடு நின்றுவிடும். நாம் அன்றாடம் எழுதும் தமிழ்க் குறியீடுகளுக்கு 3 பைட் போதும். அதனால் 'அம்மா', 'வணக்கம்' என்று அடித்துச் சோதித்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். இங்கேதான் ஏமாறுகிறோம்!

தளம் ஓடத் தொடங்கிய பிறகு வாடிக்கையாளர் ஒருவர் டெலிவரிக் குறிப்பின் நடுவில் ஒரு சிரிப்பு எமோஜி போடுகிறார். அது 4 பைட். தவறான தரவை மறுக்கும் 'ஸ்ட்ரிக்ட் மோட்' அணைந்திருந்தால், எமோஜியும் அதற்குப் பின் அவர் எழுதிய அத்தனையும் வெட்டுப்பட்டுப் போகும். மைஎஸ்கியூஎல் மெல்ல ஓர் எச்சரிக்கை விடும்; அதைப் படிக்கும் புரோகிராம்கள் குறைவு. 'கேட்டைத் திறக்காதீர்கள், நாய் இருக்கிறது' என்பது அந்தப் பின்பாதியில் இருந்தால்?

2018இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து 4 பைட் தாங்கும் 'யுடிஎஃப்8எம்பி4' இயல்பாகவே அமைந்திருக்கிறது. ஆனால் பழைய தளத்திலிருந்து கொண்டுவந்த டேபிள்கள் பழைய தொகுப்போடுதான் வரும்.

அதே பழைய டேபிள்களில் 'மைஐஎஸ்ஏஎம்' என்ற பழைய சேமிப்பு இன்ஜினும் ஒளிந்திருக்கலாம். பல மாற்றங்களை ஒன்றாக முடிக்கும் அல்லது ஒன்றாக ரத்துசெய்யும் டிரான்ஸாக்ஷன் அதற்குத் தெரியாது. டேபிள்களை இணைக்கும் ஃபாரின் கீ எழுதினால் ஏற்றுக்கொண்டதுபோல் இருந்துவிட்டு, அமல்படுத்தாமல் விட்டுவிடும். பணம் கழிந்து, ஆர்டர் பதிவாகும் முன் பிழை வந்தால், ரோல்பேக் கொடுத்தும் கழிந்தது கழிந்ததுதான். பணம், சரக்கு இருப்பு, டிக்கெட் என்று எதைத் தொட்டாலும் மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி இன்ஜின் அல்லது போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மாங்கோடிபியா? அதுவும் நல்ல டேட்டாபேஸ்தான். ஆனால் 2017 ஜனவரியை மறக்காதீர்கள். கடவுச்சொல் இல்லாமல் இணையத்துக்குத் திறந்து கிடந்த பல்லாயிரம் மாங்கோடிபிக்களுக்குள் ஹேக்கர்கள் புகுந்து, தரவை அழித்து, பிட்காயினில் பணம் கேட்டுச் சீட்டு வைத்துவிட்டுப் போனார்கள். பலருடைய தரவை அவர்கள் நகல்கூட எடுத்து வைக்கவில்லை. பணம் கட்டியிருந்தாலும் திரும்பியிருக்காது. உள்ளூர்க் கணினிக்கு மட்டும் காதுகொடுக்கும் அமைப்பு எல்லா வகை நிறுவலுக்கும் இயல்பானது அந்த ஆண்டு வந்த 3.6 பதிப்பில்தான். பழைய பதிப்பு உங்கள் சர்வரில் ஓடுகிறதென்றால் மாங்கோடிபியின் 27017 போர்ட் வெளியே திறந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு டேபிளுக்கும் 'ஷோ கிரியேட் டேபிள்' கொடுங்கள். கடைசி வரியில் இன்ஜினும் எழுத்துத் தொகுப்பும் இருக்கும். அவற்றை மாற்றும் முன் பேக்கப் எடுங்கள். எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் ஒருமுறை மீட்டுப் பாருங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள், இன்றே செய்யுங்கள்.