மாதோட்டத்தை வரையச் சென்ற பகல்கள்

இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலே ஓவியம் பயிலும் மாணவன் காலையிற் புகையிரதம் ஏறுவான். பீசாவின் சாய்ந்த கோபுரத்தையோ சியன்னாவின் பழந்தெருக்களையோ வரைந்துகொண்டு மாலையில் திரும்பிவிடுவான். நகரம் அவன் கண்முன் நிற்கிறது. யாழ்ப்பாணத்திலே சித்திரம் பயின்ற எனக்கு வாய்த்த பழநகரோ வேறு வகையானது. பழநகரொன்றை நேரிற் கண்டு வரைந்து, அச்சித்திரங்களைத் தொகுத்துத் தரவேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட பணி. இறுதியாண்டுப் புள்ளிகளிற் பெரும்பகுதி அதனையே சார்ந்திருந்தது. நண்பர்கள் அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் தெரிந்துகொண்டனர். நான் விடுமுறைக்கு அடம்பன் வந்து, துவிச்சக்கர வண்டியில் மாதோட்டத்திற்குப் போய்வரத் தொடங்கினேன்.

கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களைக் கடந்து மேற்கே செல்லச் செல்ல, நிலம் வெளிறி உவர்த்தரையாகும். அதன் முடிவில் திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இத்தலம் போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்தது. 1872ஆம் ஆண்டு ஆறுமுக நாவலர் இதனை மீட்கும்படி சைவர்களைத் தூண்டினார். இன்று காணும் கருங்கற் கோயில் இந்திய அரசின் உதவியோடு எழுந்து, 2022 ஜூலையிற் குடமுழுக்குக் கண்டது. கோயிலை வரைவது எளிது. நான் தேடியதோ கோயிலைச் சூழ்ந்திருந்த நகரத்தை.

அந்நகரம் இப்போது பற்றைக்காடு மூடிய மேடு. ஏறக்குறைய 30 ஹெக்டேயர்ப் பரப்பு. அதனைக் குதிரை லாட வடிவில் வளைத்துச் செல்லும் இரட்டை அகழி. முதல்நாள் முழுவதும் நடந்தும் அவ்வளைவு எனக்குப் புலப்படவில்லை. மூன்றாம் நாள், மாரி நீர் தேங்கிய பள்ளங்களை மட்டும் கோடுகளாகக் குறித்துவந்தபோது, தாளிலே லாடம் தானாகவே உருவாயிற்று. கட்டடம் இல்லாத நகருக்கும் உருவம் உண்டென்று அன்றுதான் கண்டேன். எனக்கு ஆறு வயதாயிருந்தபோது, 2008ஆம் ஆண்டிற் போர் எங்களூரை அடைய, குடும்பத்தோடு இடம்பெயர்ந்தோம். மீண்டு வந்தபோது வீடிருந்த இடத்திற்குக் கிணறே அடையாளம். சுவர் வீழ்ந்த மண் எவ்வாறு மேடாகிறது என்பதை எனக்கு நூல்கள் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இவ்விடத்திலா மாநகரம் இருந்தது என்று ஐயுறுவோர் தேசப்படத்தை ஒருமுறை நோக்கவேண்டும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கிடக்கும் கடல் ஆழமற்றது. பெருங்கலங்கள் தாண்ட இயலாதது. மேற்கேயிருந்தும் கிழக்கேயிருந்தும் வந்த பண்டங்கள் கைமாறுவதற்கு இக்கரை ஏற்றதாயிற்று. அநுராதபுரத்திற்கு இதுவே பெருந்துறை. சோழர் காலத்தில் இதற்கு இராசராசபுரம் என்ற பெயரும் இருந்ததைக் கல்வெட்டு காட்டுகிறது. ஜோன் காஸ்வெல் தலைமையில் 1980 முதல் இங்கே நடந்த அகழாய்வு, சீனத்து மட்கலங்களையும் பாரசீகக் குடாவிலிருந்து வந்த நீலப்பச்சைப் பூச்சுக் கலங்களையும் வெளிக்கொணர்ந்தது. 1984ஆம் ஆண்டு போர்ச்சூழலால் அப்பணி நின்றது. முழு அறிக்கை நூலாக வெளிவர 2013ஆம் ஆண்டாயிற்று.

என் தாள்களை நிறைத்தவையும் கல ஓடுகளே. மழை கழுவிய சரிவுகளில் அவை இன்றும் தலைகாட்டுகின்றன. எடுத்துச்செல்வதை 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டம் தடுக்கிறது, தடுக்காவிடினும் எடுத்திருக்கமாட்டேன். கண்ணாடித்தாளில் ஒரே மையம் கொண்ட பல வட்டங்களை வரைந்து, கிடந்தபடியே கிடக்கும் விளிம்புத் துண்டின்மேற் பிடிப்பேன். எந்த வட்டத்தோடு அதன் வளைவு பொருந்துகிறதோ அதுவே உடைந்த கலத்தின் வாயளவு. தடிப்பையும் சாய்வையும் கொண்டு கழுத்தையும் தோளையும் ஊகிக்கலாம். பின்னர் ஒரு பாதியில் வெட்டுமுகமும் மறுபாதியில் வெளித்தோற்றமுமாக முழுக்கலத்தையும் வரையலாம். இரண்டு விரலகலத் துண்டிலிருந்து ஒரு பானை எழுந்து வருவதைப் பார்க்கும் இன்பத்தை, எந்தச் சிலையைப் பார்த்து வரைந்தபோதும் நான் பெற்றதில்லை. ஓவியக் கூடங்களில் இப்பயிற்சியை ஏன் எல்லோருக்கும் அளிப்பதில்லை என்பது எனக்கு இன்றும் விளங்காத புதிர்.

ஒருநாள் மன்னார்க் கோட்டைக்கும் போனேன். 1560ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை. கேதீச்சரத்துக் கற்கள் இதன் சுவர்களுக்குப் போயின என்பது வழிவழிச் செய்தி. நான்கு கொத்தளங்களையும் மதியத்துக்குள் வரைந்து முடித்தேன். மறுநாட் காலை மேட்டுக்கே திரும்பினேன்.

2009, 2010ஆம் ஆண்டுகளில் அங்கே மீண்டும் நடந்த அகழாய்வில் மிளகோடு ஒற்றைக் கராம்பும் கிடைத்தது. கராம்பு 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட காலத்தது. அக்காலத்திற் கராம்பு விளைந்த இடம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். அத்தனை கடலையும் தாண்டி வந்த பொருளை விட்டுவிட மனம் வரவில்லை. அம்மாவின் சரக்குப் போத்தலிலிருந்து ஒரு கராம்பை எடுத்து, கடைசித் தாளின் நடுவே உள்ள அளவிலேயே வரைந்து வைத்தேன்.

பொறுப்பாசிரியர் தாள்களைப் புரட்டிவிட்டு, “நகரம் எங்கே, தம்பி?” என்றார். லாடக் கோட்டையும் அதனுள் நான் அடுக்கியிருந்த கலவாய்களையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். அடுத்த விடுமுறையில் எங்கள் வகுப்பினர் பதினொருவர் அடம்பனுக்கு வந்து இறங்கினர். அத்தனை பேருக்கும் துவிச்சக்கர வண்டி தேடுவது ஊருக்கே பெரும்பாடாயிற்று.